இடப்பக்கம் நிற்கும் மனிதன்



இம்முறை ஒரு சூத்திரத்தையோ ஜாதகக் கதையையோ எடுத்து விளக்காமல், ஓர் எழுத்தை எடுத்து விளக்கத் துணிகின்றோம். அது தமிழெழுத்து அன்று. சீன எழுத்து. பள்ளியை எட்டாம் வகுப்போடு விட்டுப் பஞ்சாலைக்குள் புகுந்தவர் நாம். நமக்கும் சீன எழுத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் புன்முறுவல் பூக்கலாம். உறவு உண்டு. பதினோர் ஆண்டுகள் அந்த எழுத்தின் கீழிருந்த பொத்தானை நம் கட்டைவிரலால் அழுத்தி வந்தோம். அதன் பொருளை மட்டும் அறியாமல் இருந்தோம்.

நாம் வேலை பார்த்த மில்லில், பஞ்சைச் சிக்கெடுத்து நாராக இழுக்கும் கார்டிங் பகுதியில், சீனத்திலிருந்து தருவித்த யந்திரங்கள் சில இருந்தன. ஒவ்வொரு யந்திரத்தின் பக்கவாட்டிலும் பச்சைப் பொத்தான் ஒன்று, சிவப்புப் பொத்தான் ஒன்று. பச்சை ஓட்டுவதற்கு, சிவப்பு நிறுத்துவதற்கு. சிவப்புப் பொத்தானின் மேல் இரண்டு எழுத்துகள் பொறித்திருந்தன. முதலெழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டே இன்றும் வரைந்து காட்டுவோம். இடப்பக்கத்தில் சாய்ந்த கோடு ஒன்று; அதன் நடுவிலிருந்து கீழிறங்கும் நேர்கோடு ஒன்று. வலப்பக்கத்தில் கூரை போட்ட மண்டபம்போல் நெருக்கமான பல கோடுகள். ஷிப்ட் முடியும் நேரத்தில் யந்திரத்தின் மேல் படிந்த பஞ்சுத் தூசைத் துடைக்கும்போது அவ்வெழுத்தையும் துடைப்போம். துடைத்தோமே தவிரப் படித்தோமில்லை.

2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தம்மப் பிரசாரத்தின் பொருட்டு டில்லிக்குச் சென்றிருந்தோம். நம் ஊர்க்காரர் ஒருவர் அங்கு மத்திய அரசு அலுவலகத்தில் பணியாற்றி, சரோஜினி நகர்க் குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு வசித்து வந்தார். அவர் வீட்டில் தங்கினோம். சரோஜினி என்றால் தாமரைத் தடாகம் என்று பொருள். கவிக்குயில் சரோஜினி நாயுடு அம்மையாரின் நினைவாக வைத்த பெயர் அது. அதற்கு முன்பு அவ்வட்டாரத்துக்கு விநய் நகர் என்று பெயர் வழங்கியதாம். விநயம் என்பது பிக்குகளின் ஒழுக்க நூலுக்குப் பெயர் என்பதை நீங்கள் அறிவீர்கள். தாமரைக்கும் விநயத்துக்கும் உரிய பெயர் தாங்கிய ஊரில் இருக்கின்றோம் என்று அந்த அம்மையாரிடம் சொன்னோம். அவர், "ஆமாங்க அண்ணா, ஆனா தண்ணி மட்டும் காலையில ஒரு மணி நேரந்தான் வரும்" என்றார்.

அங்குள்ள கடைவீதி துணிக்குப் பேர்போனது. அயல்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யத் தைத்து, தையற்பிழையினாலோ மிகுதியினாலோ நின்றுபோன ஆடைகள் அங்கே குவியல் குவியலாக வந்து விழுந்து மலிவு விலைக்குப் போகின்றன. அவற்றுள் திருப்பூரில் பின்னியவையும் இருக்கும். துணியைக் கண்டால் விரலால் நெருடிப் பார்த்து நூல் முப்பதா நாற்பதா என்று சொல்லும் பழக்கம் நம்மைவிட்டுப் போகவில்லை. அன்று மாலை அவ்வீட்டுப் பையன் புதிதாக வாங்கிய பனியன்சட்டை ஒன்றை அணிந்து வந்து நின்றான். மார்பில் பெரிய சீன எழுத்து ஒன்று அச்சிட்டிருந்தது. "வீரம்னு அர்த்தமாம் பெரியப்பா, கடைக்காரர் சொன்னார்" என்றான். நாம் நூலை நெருடக் கை நீட்டியவர், அப்படியே நின்றுவிட்டோம். சாய்ந்த கோடு ஒன்று. அதன் நடுவிலிருந்து இறங்கும் நேர்கோடு ஒன்று. சிவப்புப் பொத்தானின் இடப்பக்கம் அப்படியே பையனின் மார்பில் இருந்தது! வலப்பக்கம் மட்டுமே வேறு.

பையனின் அக்காள் பல்கலைக்கழகத்தில் சீனமொழி பயிலும் மாணவி. அவள் வந்து பார்த்துச் சிரித்தாள். வீரமுமில்லை ஒன்றுமில்லை, அதற்கு ஓய்வு என்று பொருள் என்றாள். பாடப்புத்தகத்தைத் தொடாத பையனுக்குப் பொருத்தமான சட்டைதான் என்று வீடே சிரித்தது. அன்றிரவு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அந்தப் பெண் நமக்கு எழுதி விளக்கியவற்றையும், பின்னர் ஒரு பழைய அகராதியை வைத்துக்கொண்டு நாமே துழாவிக் கற்றவற்றையுமே இங்குச் சொல்லப் போகின்றோம். பண்டிதர்கள் பொறுத்தருள்க.

தமிழில் எழுத்து ஒலியைக் குறிக்கும். க என்பதற்குக் கால் போட்டால் கா. கொம்பு போட்டால் கெ. சீனத்தில் ஓர் எழுத்து ஒரு சொல்லையோ சொல்லின் உறுப்பையோ குறிக்கும். ஆகவே எழுத்துகள் பல்லாயிரம். அவற்றை அகராதியில் அடுக்குவது எப்படி? எழுத்துகளுக்குள் திரும்பத் திரும்ப வரும் சில குறிகளைத் தலையாக வைத்து, அத்தலையின் கீழ் எழுத்துகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தார்கள். ஏறத்தாழக் கி.பி. 100இல் ஷூ ஷென் என்னும் அறிஞர் இத்தகைய தலைக்குறிகள் 540 வகுத்தார். பின்னர் 1716இல் முடிந்த காங்ஷி அகராதியில் அவை 214 ஆகக் குறைந்தன. அதன்கீழ் நாற்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் அடங்கின. நீருக்கு ஒரு தலைக்குறி, மரத்துக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று. இவ்வரிசையில் ஒன்பதாவது குறி மனிதன். 'ரென்' என்று ஒலிக்கின்றார்கள்.

அதுவே நாம் பதினோர் ஆண்டு துடைத்த குறி.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் கீறிய எழுத்துகளிலேயே இது இருக்கின்றது. பக்கவாட்டில் நின்று, கையைத் தொங்கவிட்டு, சற்றே குனிந்த ஓர் ஆளின் உருவம். தனியே எழுதும்போது இரண்டு கால்களை விரித்தாற்போல் இரண்டு கோடு. வேறோர் உறுப்போடு சேரும்போது அம்மனிதன் கால்களை ஒடுக்கிக்கொண்டு இடப்பக்கம் நகர்ந்து நின்று மற்றதற்கு இடம் விடுகின்றான். நெருக்கடியான பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு ஒதுங்கி நிற்பதுபோல் என்று அப்பெண் சொன்னாள். நமக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஒரு செய்தியை முன்னமே சொல்லிவிடுதல் நேர்மை. இவ்வெழுத்துகளுள் பெரும்பாலானவற்றில் வலப்பக்க உறுப்பு ஒலியைக் காட்டுவதற்காக வந்தது என்று மொழி வல்லார் சொல்கின்றனர். சிலவற்றில் மட்டுமே இரு பக்கமும் பொருளுக்காகச் சேர்ந்தன. எந்த எழுத்து எவ்வகை என்பதை இயன்றவரை சொல்லிச் செல்வோம். தம்மத்தை எடுத்துச் சொல்லும்போது கூடப் பொய்யான சொல்லாராய்ச்சி செய்தல் ஆகாது.

சட்டையில் இருந்த எழுத்து இரு பக்கமும் பொருளுக்காகவே சேர்ந்தது. இடப்பக்கம் மனிதன், வலப்பக்கம் மரம். மரத்தில் சாய்ந்த மனிதன், அது ஓய்வு. ஷூ ஷென் அவர்களும் அவ்வாறே பொருள் சொன்னார். பௌத்தர்களாகிய நமக்கு இதில் வேறொரு காட்சி தோன்றாமல் போகுமா? லும்பினியில் மரத்தடியில் பிறந்து, கயையில் அரச மரத்தடியில் விழித்து, குசிநகரில் இரண்டு சால மரங்களுக்கிடையில் கண்மூடியவர் நம் ஆசான். விழிப்புற்றபின் ஒரு வாரம் இமை கொட்டாமல் அந்த மரத்தையே நன்றியோடு நோக்கி நின்றார் என்பது மரபு. நிழல் தந்த மரத்துக்கு நன்றி சொன்னவர் அவர்.

அந்த ஜூன் மாதத்திலேயே சரோஜினி நகரில் மரங்களைப்பற்றி ஒரு போராட்டம் நடந்தது. பழைய குவார்ட்டர்ஸ்களை இடித்துவிட்டு உயர்ந்த மாடிக் கட்டடங்கள் எழுப்பும் திட்டத்தில், அதனை ஒட்டிய பல அரசுக் குடியிருப்புகளையும் சேர்த்துப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்படும் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஆண்களும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் மாலையில் கூடி மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். டில்லி உயர்நீதிமன்றம் வெட்டுக்குத் தடை விதித்தது. நாமும் ஒரு மாலை சென்று, வேப்பமரம் ஒன்றின்மேல் கைவைத்து நின்றோம். டில்லி வெயிலில் ஒரு மரத்தடியின் அருமையை நின்று பார்த்தவர்க்கே தெரியும். பையனின் சட்டையில் இருந்த எழுத்து தெருவெல்லாம் நின்றுகொண்டிருந்தது!

அதே மனிதக் குறிக்குப் பக்கத்தில் மரத்தை எடுத்துவிட்டு ஈட்டிபோன்ற ஆயுதம் ஒன்றை வைத்தால் வேறோர் எழுத்து ஆகின்றது. அதற்கு வெட்டு, தாக்கு என்று பொருள். மரத்தை வெட்டுவதற்கும் அவ்வெழுத்தே, படையெடுப்பதற்கும் அவ்வெழுத்தே. மனிதனின் கழுத்தில் ஆயுதம் விழும் காட்சியே அதன் பழைய வடிவம். சரோஜினி நகர்க் கடைவீதி அதையும் கண்டது. 2005 அக்டோபர் 29 அன்று, தீபாவளிக்குத் துணியெடுக்கக் கூட்டம் நெருங்கியிருந்த மாலையில், அங்கும் டில்லியின் வேறிரண்டு இடங்களிலும் வெடித்த குண்டுகளுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். பெரும்பகுதியினர் சரோஜினி நகரில் மாண்டவர்கள். அந்த அம்மையார் அன்று கடைவீதிக்குப் போகவிருந்து, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று நின்றுவிட்டாராம். அக்குழந்தைதான் சட்டைக்காரப் பையன்.

இன்னும் சில எழுத்துகள். துணைவர் என்பதற்கு ஓர் எழுத்து: மனிதன், பக்கத்தில் பாதி. பாதி என்ற உறுப்பு ஒலிக்காக வந்ததே. ஆயினும் அதைக் கண்டதும் ஆனந்தரை நினைத்தோம். நல்ல நட்பு என்பது தூய வாழ்வில் பாதி என்று ஆனந்தர் சொல்ல, அப்படிச் சொல்லாதே ஆனந்தா, அது பாதியன்று, முழுமையும் அதுவே என்று பகவான் திருத்தினார் அல்லவா? மலைக்குப் பக்கத்தில் மனிதன் நின்றால் சித்தர். பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் நின்றால் இல்லறத்தார், உலக வழக்கத்தார். தாழ்ந்தது என்பதற்கும் ஓர் எழுத்து உண்டு. அதிலும் இடப்பக்கம் நிற்பவன் இதே மனிதன்தான். ஏவலாள் என்பதிலும் அவனே. கடன் என்பதிலும் அவனே. சித்தரில் நிற்கும் மனிதனுக்கு ஒரு கோடு கூடுதலாகவும், தாழ்ந்ததில் நிற்பவனுக்கு ஒரு கோடு குறைவாகவும் எழுதும் வழக்கம் சீனத்தில் இல்லை. எல்லாவற்றிலும் இரண்டே கோடு. சீன நாட்டில் ஏற்றத்தாழ்வு இல்லாதிருந்தது என்று நாம் சொல்லவரவில்லை. அங்கும் அடிமைகள் இருந்தார்கள். எழுத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றோம்.

இனிப் புத்தர் என்னும் எழுத்துக்கு வருவோம். 'ஃபோ' என்பது அதன் இன்றைய ஒலி. இடப்பக்கம் மனிதன். வலப்பக்கம் 'அல்ல' என்று பொருள்படும் உறுப்பு. பௌத்தம் சீனம் புகுவதற்கு முன்பே இவ்வெழுத்து 'போலத் தோன்றுவது' என்ற பொருளில் இருந்தது. புத்த என்ற சொல்லின் ஒலிக்கு நெருங்கியதாக இருந்தமையால் பின்னர் இதை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே வலப்பக்கம் ஒலிக்காகவே என்பது அறிஞர் முடிபு. ஆனால் பாலிச் சூத்திரத்தில் துரோணர் என்னும் பிராமணரின் கதை ஒன்று உண்டு. வழியில் சக்கரக் குறியுள்ள காலடித் தடங்களைக் கண்டு பின்தொடர்ந்து, மரத்தடியில் அமர்ந்திருந்த பகவானைக் கண்டு அவர் கேட்டார்: தாங்கள் தேவரோ? அல்ல. கந்தர்வரோ? அல்ல. யட்சரோ? அல்ல. மனிதரோ? அதற்கும் அல்ல என்றே விடை வந்தது. ஆசைகளின் வேரை அறுத்தமையால் அப்பெயர்கள் எவையும் தமக்குப் பொருந்தா. புத்தன் என்றே தம்மை அறிக என்றார். 'அல்ல' என்ற உறுப்பு அங்கே நிற்பதன் அழகைப் பாருங்கள். அதன் பக்கத்தில் மனிதனும் நிற்கின்றான். அவனை அழித்துவிட்டு அவ்வெழுத்தை எழுத முடியாது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள் ஐந்தாவது, புத்தரை விஷ்ணுவின் அவதாரம் என்று நம்பமாட்டேன் என்பது. நம் வீடுகளில் இன்னும் தசாவதாரப் படத்தில் புத்தரைத் தேடிப் பார்த்து மகிழும் பெரியவர்கள் இருக்கின்றார்கள். அவர்களுக்கு இவ்வெழுத்தைக் காட்டலாம்.

மும்மணிகளுள் சங்கத்துக்கு உரிய எழுத்திலும் இடப்பக்கம் மனிதன்தான். தம்மத்துக்கு உரிய எழுத்தில் மனிதன் இல்லை. அங்கே இடப்பக்கம் மூன்று துளிகள். நீர்! வலப்பக்கம் 'செல்' என்னும் உறுப்பு. அதன் பழைய வடிவத்தில் குற்றவாளியை முட்டிக் காட்டும் ஒற்றைக் கொம்பு விலங்கு ஒன்றும் சேர்ந்திருந்தது. எழுதுவது கடினம் என்று விலங்கை விட்டுவிட்டார்கள். நீர் ஏன் வந்தது? சட்டம் நீர்மட்டம்போல் எல்லார்க்கும் சமமாக நிற்க வேண்டும் என்பதால் என்று ஷூ ஷென் எழுதினார். மும்மணிகளை வரிசையாக எழுதினால் மனிதன், நீர், மனிதன் என்று நிற்கும். 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரத்துச் சவுதார்க் குளத்தில் இறங்கி நீரைக் கையால் அள்ளிக் குடித்த மக்களின் வழிவந்தவர்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருக்கக் கண்ட செய்தியைப் படித்த நாளில், இம்மூன்று எழுத்துகளையும் எழுதி வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

இவ்வெழுத்துகள் நம் நாட்டைப் பற்றியும் எழுதியிருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த யுவான் சுவாங் காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதுகையில், அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட விகாரங்களும் பதினாயிரம் பிக்குகளும் இருந்தமையைக் குறித்தார். 646இல் அவர் முடித்த அந்நூலில், காஞ்சியின் பிக்குகளைக் குறிக்க நிற்பதும் மனிதக் குறி தாங்கிய அவ்வெழுத்தே. தமிழும் சீனமும் ஒரே கல்லில் நிற்பதும் உண்டு. இலங்கையின் காலி நகரில் 1911இல் ஒரு மதகை மூடிய பலகைக்கல்லைப் புரட்டியபோது, எழுத்துள்ள முகம் கீழே கவிழ்ந்திருந்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழியிலும் வெட்டிய கல் அது. 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. மிங் பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது. சீனப் பகுதி புத்த பகவானுக்குக் காணிக்கை சொல்கின்றது. தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமியரின் இறைவனுக்கும். பொன்னும் வெள்ளியும் பட்டும் ஏறத்தாழ ஒரே அளவு. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. தமிழன் ஒருவன் அக்கல்லின் முன் நின்றால் தமிழைப் படிப்பான். புத்தரைத் தேட வேண்டுமானால் பக்கத்துச் சீன எழுத்தில்தான் தேட வேண்டும். இதில் நமக்கு வருத்தமும் உண்டு, ஆறுதலும் உண்டு.

இனிச் சிவப்புப் பொத்தானுக்குத் திரும்புவோம். அதை நாம் மறக்கவில்லை. மறக்கக்கூடியதாயிருந்தால் இக்கட்டுரையே எழுந்திராது.

அந்த எழுத்துக்கு 'நில்', 'நிறுத்து' என்று பொருள். ஒலி 'திங்'. வலப்பக்கத்தில் மண்டபம்போல் நமக்குத் தோன்றியது உண்மையிலேயே மண்டபந்தான். வழிப்போக்கர் தங்கும் சாவடி. ஒலிக்காக வந்ததே என்றாலும், சாவடியருகே நின்றுவிட்ட மனிதன் என்று பார்ப்பதில் தவறில்லை.

நில் என்னும் சொல் நம் சூத்திரங்களில் இரண்டு இடத்தில் வருகின்றது. சாவத்தி நகரில் பகவான் பிச்சைக்குச் செல்லும்போது, தீ வளர்த்து வேள்வி செய்துகொண்டிருந்த பாரத்துவாசன் என்னும் பிராமணன் தொலைவிலேயே கண்டு, மொட்டையனே, இழிந்தவனே, அங்கேயே நில் என்று கூவினான். நம் பாட்டன்மார் கேட்டுக்கேட்டுக் காது பழுத்த சொல் அன்றோ இது? தெருமுனையில் நில், கிணற்றடியில் நில், தேநீர்க்கடை வாசலில் நில். பகவான் நின்றார். கோபிக்கவில்லை. இழிந்தவன் யார் என்று உனக்குத் தெரியுமா என்று வினவி, பிறப்பினால் ஒருவன் இழிந்தவனாவதில்லை, செயலினாலேயே ஆகின்றான் என்று விரித்துரைத்தார். கூவியவனே முடிவில் சரணமடைந்தான்.

மற்றோர் இடம் அங்குலிமாலன் கதை. வாளேந்தி அவன் முழு வேகத்தோடு ஓடியும், இயல்பாக நடந்து சென்ற பகவானை எட்ட முடியவில்லை. நில் என்று கத்தினான். நான் நின்றுவிட்டேன், நீயும் நில் என்ற கருத்துப்பட விடை வந்தது. கொலைக் கையை நிறுத்துவதே நிற்றல் என்று அவன் விளங்கிக்கொண்டான். பிறரைத் தொலைவில் நிறுத்தும் நில் ஒன்று. தன் கையைத் தானே நிறுத்தும் நில் மற்றொன்று. சாதி முதலாவதை நமக்குக் கற்பித்தது. இரண்டாவதைக் கற்பிக்க ததாகதர் வேண்டியிருந்தது. அங்குலிமாலர் பிக்குவான பிறகும் ஊருக்குள் சென்றால் கல்லடியும் தடியடியும் பட்டு, மண்டை உடைந்து, ஓடு நொறுங்கித் திரும்பினார் என்பதையும் சூத்திரம் மறைக்கவில்லை. கையை நிறுத்திவிட்டால் வினையும் அந்தக் கணமே நின்றுவிடுவதில்லை.

இக்கதையைப் பல ஊர்களில் பிரசங்கம் செய்திருக்கின்றோம். செய்யும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு முள் குத்தும். அதை இங்கே எடுத்து வைக்கின்றோம்.

ஓர் இரவு ஷிப்டில், மணி இரண்டு இருக்கும். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், உருளையில் சுற்றிக்கொண்ட பஞ்சை யந்திரம் ஓடும்போதே கையால் எடுக்கப் போனான். அப்படி எடுக்கக் கூடாதென்பது எல்லார்க்கும் தெரியும். அப்படித்தான் எல்லாரும் எடுத்தோம். நிறுத்தினால் நின்ற நிமிடங்கள் குறிக்கப்பட்டுக் கூலியில் பிடிக்கப்படும். "அண்ணா, நிறுத்துங்கண்ணா!" என்று அவன் அலறினான். நம் கை பொத்தானருகே இருந்தது. அந்த வாரம் ஏற்கெனவே இருமுறை நமக்குப் பிடித்தம் போட்டிருந்தார்கள். கையை அவனே இழுத்துக்கொண்டுவிடுவானோ என்று பார்த்தோம். ஒரு மூச்சு நேரம் இருக்கும். பின்னர் அழுத்தினோம். அவன் வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் விசாரித்தார்கள். அலறல் கேட்டவுடனே அழுத்தினோம் என்று சொன்னோம். எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள். பையனுக்கு ஆஸ்பத்திரிச் செலவும் ஒரு சிறு தொகையும் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். அவன் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. பின்னர் நாம் பஞ்சசீலம் ஏற்றோம். பொய்யுரையாமை என்னும் நான்காம் சீலத்தைப் பிறர்க்கும் ஓதுவித்தோம். சீனத்தில் நம்பிக்கை என்பதற்குரிய எழுத்தில் மனிதனுக்குப் பக்கத்தில் நிற்பது சொல். சிரத்தை என்பதைச் சீன பௌத்தர் அவ்வெழுத்தாலேயே எழுதுகின்றனர். டில்லியில் அந்தப் பெண் அதை எழுதிக் காட்டி, மனிதன் தன் சொல்லின் பக்கத்தில் நிற்கிறான் பாருங்கள் பெரியப்பா என்றபோது, தூக்கம் வருகின்றதென்று சொல்லி எழுந்துவிட்டோம். தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகும் ஆண்டுகள் கடந்தன. தவற்றை அறிந்தவன் உடனே சென்று சொல்ல வேண்டும் என்று பிறர்க்குச் சொல்வது எளிது. சென்ற மார்கழியில்தான் அவர் ஊரைத் தேடிச் சென்றோம். இப்போது அவர் பையன் அல்லர்; பிள்ளைகள் இருக்கின்றனர்; சிறு மளிகைக்கடை வைத்திருக்கின்றார். கடை சாத்தும்வரை காத்திருந்து, நடந்ததை நடந்தபடி சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. "தெரியும்ணா, உங்க முகத்தைத்தான் அப்போ பார்த்துட்டிருந்தேன்" என்றார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டீ வாங்கிவரச் சொல்லி ஆளனுப்பினார்.

அந்தப் பொத்தானில் என்ன எழுதியிருந்தது என்று பின்னர் அவரே கேட்டார். மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினோம், பதினொரு கோடுகள். சீட்டைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு, மீந்த மூன்று விரலால் பென்சிலைப் பிடித்து, அடியில் தாமும் எழுதத் தொடங்கினார். சாய்ந்த கோடு, நேர்கோடு. இடப்பக்கத்து மனிதனை இரண்டு முறை எழுதிப் பார்த்தார். மண்டபம் ரொம்பச் சிக்கலாக இருக்கிறதென்று அதை விட்டுவிட்டு, சீட்டை மடித்துக் கல்லாப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்.